மஞ்சள் பைக்குள் மறைத்தது

புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என்னோடு ஒரு ட்யூபும் அதன் முனையில் ஒரு பையும் வந்தன. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே ட்யூபை எடுத்துப் பார்த்திருந்தார்கள். சொட்டு நீர் இறங்கவில்லை, அடிவயிறு கல்லாகிவிட்டது. மறுபடியும் போட்டு, “ஒரு வாரம் இருக்கட்டும், வீக்கம் வத்தட்டும்” என்று அனுப்பிவிட்டார் டாக்டர். வெளியே தையல் எதுவும் கிடையாது. நீர் வரும் வழியாகவே கருவியை விட்டு, வளர்ந்து அடைத்திருந்த சதையைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் காயம் இல்லை. கட்டிலோரம் தொங்கிய பைதான் பட்டது.

அதை மறைத்தேன். ஏதோ கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் இதை இறக்கி மாட்டினேன். ஆள் வரும் சத்தம் கேட்டால் ட்யூபைத் தொடைக்கு அடியில் தள்ளிப் போர்வையை இழுத்துக்கொள்வேன். நடக்கும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு போவேன்.

“இடுப்புக்குக் கீழதான் இருக்கணும்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கல்லா? மேல தூக்குனா நீரு உள்ளயே திரும்புங்க” என்று என் மனைவி பதறுவாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி அடிவயிற்றில் வலி தொடங்கியது. ட்யூப் உள்ளே உரசுவதால், நீர்ப்பை காலியாக இருக்கும்போதே முட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இதுவும் அதுதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மணி ஒன்றரை இருக்கும். என் முனகல் கேட்டு மகன் எழுந்து வந்து விளக்கைப் போட்டான். பத்து மணிக்கு அவன் காலி செய்துவைத்த பை அப்படியே கிடந்தது.

“எப்பா, கொஞ்சம் அசைங்க.”

போர்வையை விலக்கினான். தொடைக்கு அடியில் ட்யூப் இரண்டாக மடங்கிக் கிடந்தது. விரலால் நீவி நிமிர்த்தினான். வெளிர்ச் சிவப்பாய் நீர் ஓடத் தொடங்கியது. அவன் தரையில் உட்கார்ந்து பையில் இருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நூறு, இருநூறு, நானூறு. “ஐநூறத் தாண்டிட்டுப்பா” என்றான், ஏதோ பரீட்சையில் தேறிய செய்தி சொல்வதுபோல. அடியில் இருந்த திருகைத் திறந்து மக்கில் பிடித்து, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, நோட்டில் மணியையும் அளவையும் எழுதினான். கை கழுவிவிட்டுப் படுத்தான். அவன் முகத்தில் எதையும் நான் காணவில்லை, தூக்கக் கலக்கத்தைத் தவிர.

வலி போய்விட்டது; தூக்கம் வரவில்லை. ட்யூபை மடக்கியது என் வெட்கம் என்பது அந்த நேரத்தில்தான் உறைத்தது.

யோசித்தால் நாலு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ராத்திரி ஐந்து தடவை எழுவதை, வயசானால் தூக்கம் குறையும் என்று சொல்லிச் சமாளித்தேன். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுவதென்றால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவேன். என் அப்பாவும் கடைசிக் காலத்தில் கல்யாணம், சடங்கு என்று எதற்கும் வராமல் ஆகிவிட்டார். யாரோடும் ஒட்டாமல் போய்விட்டார் என்று நாங்கள் வருத்தப்பட்டோம்; கோபமும் பட்டோம். புறவாசலில் தென்னை மரத்தடியில் அவர் நெடுநேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போது அந்த நிற்பு எனக்குத் தெரியும். கேட்கத்தான் அப்பா இல்லை.

படுக்கையில் கிடந்தபோது ஒன்று படித்தேன். 1752ஆம் ஆண்டு, பாஸ்டனில் இருந்த ஜான் என்பவர் நீர்ப்பைக் கல்லால் தவித்தார். தம்பி பிலடெல்பியாவில் இருந்தார். அண்ணனுக்காக, வளைந்து கொடுக்கும் ட்யூப் ஒன்றை யோசித்து, வெள்ளி வேலை செய்பவரைக் கொண்டு செய்வித்து, கடிதத்தோடு அனுப்பிவைத்தார். அந்தத் தம்பி பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலை ஆராய்ந்தவர் இதையும் யோசித்தாரா என்பது பெரிதாகப் படவில்லை. அண்ணன் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் மனதில் நின்றது.

வெட்கம் வேண்டாத சங்கதி என்று நான் சொல்லமாட்டேன். குளிக்கப் போனால் கதவைச் சாத்துகிறோம். அதில் மரியாதை இருக்கிறது. மகன் பையைக் காலி செய்யும்போது என் மனைவி அறைக்கதவை ஒருக்களித்து வைப்பாள். அதுவும் அந்த மரியாதைதான். ஆனால் உடம்பு உதவி கேட்கும்போது அதன் வாயைப் பொத்துகிற வெட்கத்தை இத்தனை காலமும் கௌரவம் என்று எண்ணி வளர்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் அப்பாவும் அப்படித்தான் வளர்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மஞ்சள் பையைக் கழற்றினேன். ட்யூபைத் தொடைமேல் தெரியும்படி விட்டு, இழுபடாமல் பிளாஸ்திரி ஒட்டினான் மகன். தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் குடித்தேன். நாளுக்கு நாள் சிவப்பு வெளிறி, நீர் தெளிந்தது.

ட்யூப் எடுப்பதற்கு முந்தின நாள், என்னோடு ஆபீஸில் முப்பது வருஷம் இருந்த நண்பர் வந்தார். போர்வையை இழுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். அவர் பையைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பழைய கதைகள் பேசினோம், காபி குடித்தார், எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“டாக்டர் என்னைக்கெல்லாம் பாப்பாரு?” என்று கேட்டார்.