களிம்பும் வாக்குறுதியும்

பொருளை விற்பவன் அதனோடு ஒரு சொல்லையும் சேர்த்தே விற்கிறான். வாங்குகிறவன் பணம் எண்ணி வைப்பது பொருளுக்காகவே என்று தோன்றினும், கண்ணுக்குப் புலப்படாத அதன் குணத்தைப் பற்றி விற்பவன் சொன்ன சொல்லை நம்பியே அவன் கை பணப்பையை நாடுகின்றது. அச்சொல் பொய்த்துவிட்டால் செய்வது யாது? பொருள் கெட்டமை எவர் குற்றம்? அதனை மெய்ப்பிக்கும் கடமை எவருடையது? மனிதன் சந்தை கூட்டிய நாள் தொட்டு இவ்வினாக்கள் இருந்துவருகின்றன. நான் இவற்றை ஆராயப் புகுந்ததோ மிகச் சிறியதொரு பொருளை முன்னிட்டு. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் பூத்த களிம்பே அது.

சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் நம்மவர் 'ஸ்போர்ட் ரிம்' என்று வழங்கும் சக்கரம் இரும்பினால் ஆனதன்று. அலுமினியத்தோடு சிலிக்கன் முதலியன கலந்து வார்த்தது. இது துருப்பிடிக்காது என்று விற்போர் சொல்லுவர். சொல்லளவில் அது மெய்யே. துரு என்பது இரும்பின் நோய். ஆனால் அலுமினியத்திற்கும் அதற்கே உரிய நோய் ஒன்று உண்டு. காற்றுப்பட்ட மாத்திரத்தில் அவ்வுலோகம் தன்மேல் மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்றைப் போர்த்துக்கொள்கிறது. அப்படலமே அதற்குக் காவல். உப்பிலுள்ள குளோரைடோ அக்காவலை ஊசிமுனையால் குத்தியதுபோல் ஆங்காங்கே துளைத்துவிடும். ஆகவேதான் ஆலையில் அதன்மீது வர்ணமும் அதற்கு மேல் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சும் பூசி அனுப்புகின்றனர். அப்பூச்சில் சிறு கீறல் ஒன்றோ, கூரிய விளிம்பில் மெலிந்துபோன இடம் ஒன்றோ இருந்தால் போதும். ஈரம் உள்ளே புகுந்து, பூச்சின் அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த தடம்போல நூல் நூலாகப் படரத் தொடங்கும். முகப்பைக் கடைசல் எந்திரத்தில் சீவிப் பளபளக்கச் செய்த சக்கரங்களில் வர்ணமும் இல்லை, மெருகு மட்டுமே உண்டு. ஆதலின் அவற்றை இந்நோய் எளிதிற் பற்றும். விலை கூடியவையும் பெரும்பாலும் அவைதாம்!

ஐரோப்பாவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அங்கே சக்கரம் கெடுவதற்குக் காரணம் கண்முன் கிடக்கிறது. சிங்கப்பூரில் பனியும் இல்லை, சாலையில் தூவும் உப்பும் இல்லை. ஆயின் நாற்புறமும் கடல். காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டிற்கு மேல். போதாக்குறைக்கு பிரேக்கிலிருந்து சூடாகத் தெறிக்கும் இரும்புத் தூள் மெருகின்மேல் ஒட்டிக்கொள்ள, அதைப் போக்குவதற்கென்று சிலர் அமிலம் கலந்த திரவத்தை ஊற்றித் தேய்க்கிறார்கள். இது அழகு பற்றிய கவலை மட்டுமே என்று தள்ளிவிட வேண்டா. டயரின் விளிம்பு அமரும் இடத்தில் களிம்பு ஏறினால் காற்று சிறுகச் சிறுகக் கசியும். காற்றிறங்கிய சக்கரத்தோடு விரைவுச்சாலையில் செல்வது எத்தகையது என்பதை ஓட்டுவோர் அறிவர்.

ஜோகூரில் எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கும் எனக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். ஆங்கிலப் பள்ளியில் படித்த குற்றத்திற்காக உற்றார் உறவினரின் கடிதங்களையெல்லாம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்து பல்லாண்டுகளாயின. சிராங்கூன் சாலையருகே சிறு கடை வைத்துப் பிழைக்கும் மைத்துனர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கட்டுக் காகிதங்களைக் கொடுத்தார். அவர் புதிதாக வாங்கிய வண்டிக்கு விற்ற நிறுவனம் மூன்றாண்டு உத்தரவாதம் எழுதித் தந்திருந்தது. பதினான்காம் மாதத்தில் நான்கு சக்கரங்களிலும் மெருகின் கீழ் வெள்ளைத் தடங்கள் தோன்றின. முறையிட்டதற்கு வந்த விடை இரண்டே வரி: இது புறச்சூழலால் நேர்ந்தது, உத்தரவாதத்தில் அடங்காது. சிங்கப்பூரில் வண்டி வாங்குவது எளிய காரியம் அன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1990ஆம் ஆண்டு முதல் அங்கே வண்டியைப் பத்தாண்டு வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அவ்வுரிமையின் விலை மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஏலங்கள் பல.

அந்தப் 'புறச்சூழல்' என்னும் சொல்லைத்தான் நான் பல நாள் சிந்தித்தேன். களிம்பு உள்ளிருந்து வருவதா, வெளியிலிருந்து வருவதா?

இவ்வினா நமக்குப் புதிதன்று. உயிரைப் பற்றிய ஆணவ மலம் இடையில் வந்ததன்று, தொடக்கமில்லாத காலந்தொட்டே உள்ளது என்று சொல்லவந்த சைவ சித்தாந்திகள், அதற்குச் செம்பிற் களிம்பையே உவமையாகக் காட்டினார்கள். அதாவது, களிம்பு செம்போடு பிறந்த குற்றம் என்பது அவர்கள் துணிபு. நம் மைத்துனரின் வழக்கில் அவர்களைச் சாட்சிக்கு அழைத்தால் விற்றவர் தோற்றார்! ஆயின் இரசாயன நூலாரோ, செம்பின் பச்சைக் களிம்பு காற்றும் ஈரமும் கூடாமல் உண்டாகாது என்பர். அவர்களை அழைத்தால் விற்றவர் வென்றார் என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். தேக்கா பக்கம் உள்ள கடைகளுக்குள் சென்று பாருங்கள். பித்தளை விளக்கும், செம்புக் குடமும், 916 முத்திரையிட்ட தங்கச் சங்கிலியும் ஒரே தெருவின் காற்றைத்தான் சுவாசிக்கின்றன. விளக்கையும் குடத்தையும் புளியிட்டுத் துலக்க வேண்டியிருக்கிறது. தங்கத்தைத் துலக்குவார் இலர். காற்று ஒன்றாயிருக்க விளைவு வேறாவானேன்? உலோகத்தின் இயல்பும் சூழலின் தீண்டலும் சேர்ந்தே களிம்பை ஆக்குகின்றன. இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுத்து, 'இதுவே காரணம், அதற்கு நான் பொறுப்பல்லேன்' என்று சொல்லுவது அறிவுக்குப் பொருந்தாது.

இன்னும் ஒருபடி மேலே சென்று கேட்போம். சக்கரத்தின்மேல் மெருகு பூசியது எதற்காக? சூழலைத் தடுப்பதற்காக அல்லவா? காற்றும் மழையும் இல்லாத இடத்தில் மெருகுக்கு வேலையே இல்லை. ஆகவே, மெருகுக்கு உத்தரவாதம் தருவேன், ஆனால் காற்றாலும் மழையாலும் கெட்டால் தரமாட்டேன் என்பது, குடை விற்பவன் மழையில் நனைந்தால் நான் பொறுப்பல்லேன் என்று சீட்டெழுதிக் கொடுப்பதை ஒக்கும். விலக்கு என்பது வாக்குறுதியின் ஒரு மூலையை வெட்டலாம். வாக்குறுதி முழுவதையும் விழுங்கிவிடுமாயின், முதலிற் சொன்னது வாக்குறுதியே அன்று; பணத்தை வாங்குவதற்காக எழுப்பிய ஓசை.

ஆங்கில நாட்டின் பழைய நீதி இத்தகைய ஓசைக்கு இடங்கொடுத்தது. 1603ஆம் ஆண்டில் அங்கே தீர்ப்பான வழக்கொன்று சட்டம் படித்தோர் யாவரும் அறிந்தது. சாண்டிலர் என்னும் பொற்கொல்லர் லோப்பஸ் என்பாருக்கு ஒரு கல்லை 'பெசோவார்' என்று சொல்லி 100 பவுனுக்கு விற்றார். விலங்கின் வயிற்றில் விளையும் அக்கல் நஞ்சை முறிக்கும் என்று அக்காலத்து ஐரோப்பியர் நம்பினர். கல் போலி என்று பின்னர்த் தெரியவந்தது. நீதிபதிகள் கூறியது யாதெனின், பெசோவார் என்று அவர் சொன்னார். 'உத்தரவாதம் அளிக்கிறேன்' என்று சொல்லவில்லை. வெறும் சொல்லுக்காக வழக்காட இயலாது. வாங்குபவனே விழிப்பாயிரு என்னும் கொள்கையின் உச்சம் இது. பல தலைமுறைகள் கடந்து, 1893ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வேறு திசையில் நடந்தது. வணிகன் தன் தொழிலில் விற்கும் பொருள் விற்கத்தக்க தரமுடையது என்பதை அவன் வாய் திறந்து சொல்லாவிடினும் சொன்னதாகவே கொள்ள அது வழிசெய்தது. 1979இல் அது புதுக்கி எழுதப்பட்டு, 1993இல் சிங்கப்பூரின் சட்டமாகவும் நிலைபெற்றது.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்த 'லெமன் சட்டம்' எனக்கு இன்னும் வியப்பளிப்பது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தமே இது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் குறை வெளிப்பட்டால், அது விற்ற நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவரைச் சாரும். ஆறு மாதம் கடந்தால் மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் தோளுக்கு மாறுகிறது. முதலிற் பழுதுபார்த்தோ மாற்றியோ தரவேண்டும்; அது நடவாவிடின் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ கேட்கலாம். இதில் ஒளிந்திருக்கும் நீதியைக் கவனியுங்கள். உண்மை இன்னதென்று இருவருக்கும் தெரியாதபோது, தெரிந்துகொள்ளும் வசதி எவரிடம் உள்ளதோ அவர்மீது சுமையை ஏற்றுகிறது சட்டம். வார்த்த நாள், பூச்சின் கனம், சோதித்த முறை ஆகிய எல்லாம் ஆலையின் ஏட்டில் இருக்கின்றன. மைத்துனரிடம் இருப்பது ஒரு வாளியும் ஒரு துணியும்.

ஆயின், ஆறு மாதம் என்ற அளவு களிம்புக்குப் பொருந்துமா? கெட்டுப்போன பொத்தானும் ஓடாத எந்திரமும் ஆறு மாதத்திற்குள் தம்மைக் காட்டிவிடும். களிம்போ மெல்ல ஊர்வது. குறை முதல் நாளே பூச்சின் அடியில் கருக்கொண்டிருந்தும், கண்ணுக்குத் தெரிய ஓராண்டு ஆகலாம். மெல்ல வரும் குற்றத்திற்குச் சட்டத்தின் கடிகாரம் விரைந்து ஓடுகிறது என்பதே என் கருத்து.

தோட்டத்துக் கிடங்கிலும் நாள்தோறும் இதே வழக்கு நடக்கிறது. குலை வெட்டும் அரிவாள் முறிந்துவிட்டது என்று ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார். வேலையில் தேய்ந்ததா, கவனமின்றி உடைத்ததா? எரு மூட்டை ஏற்றும் டிராக்டரின் இரும்புச் சக்கரம் பொட்டாஷ் உப்பால் அரிக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் கழுவாததாலா, உப்பின் இயல்பாலா? பேரேட்டில் ஏதேனும் ஒரு பத்தியில் எழுதியாக வேண்டும். அவ்வேளையில், எளியவனை நோக்கி 'நீ குற்றமற்றவன் என்று காட்டு' என்று கேட்பதுதான் எழுதுபவனுக்கு வசதி. வசதியே பழக்கமாகிப் பழக்கமே விதியாகிவிடுகிறது. பெரிய நிறுவனத்தின் அச்சிட்ட தாளிலும் நான் காண்பது இந்தக் கிடங்குப் புத்தியையே.

வாங்குவோர் எல்லாரும் தூயவர் என்று நான் சொல்லவில்லை. நடைபாதைக் கல்லில் சக்கரத்தை உரசிவிட்டு, 'தானாகவே வந்தது' என்று சாதிப்பவரைக் கண்டிருக்கிறேன். மலிவான அமிலத்தை ஊற்றி மெருகை உரித்துவிட்டு உத்தரவாதம் கேட்பவரும் உளர். அவர்கள் பொய்யின் செலவு கடைசியில் நேர்மையான வாங்குபவர் தலையிலேயே விடிகிறது. அதற்கு மருந்து விலக்குகளைத் தெளிவாக எழுதுவதே. உரசல், அமிலம், விபத்து என்று பெயர் சொல்லி விலக்கட்டும்; பூச்சு எத்தனை மாதம் நிற்கும் என்பதையும் மாதக்கணக்கில் சொல்லட்டும். குறைந்த வாக்குறுதியாயினும் அது வாக்குறுதி.

என் கடிதத்திற்குச் சில வாரங்களில் விடை வந்தது. நிறுவனம் பொறுப்பேற்கவில்லை; ஆயினும் 'நல்லெண்ண அடிப்படையில்' நான்கு சக்கரங்களைப் புதுப்பிக்கும் செலவில் பாதியைத் தருமாம். மைத்துனர் மகிழ்ந்தார். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பாதிப் பணத்தை நான் இகழவில்லை. கடைக்காரருக்கு அதன் அருமை தெரியும். எனினும் உரிமையாகக் கேட்டதைக் கொடையாக நீட்டும்போது, கொடுப்பவர் வள்ளலாகவும் கேட்டவர் இரவலராகவும் மாறிவிடுகின்றனர். அடுத்து வருகிறவருக்கு ஆங்கிலக் கடிதம் எழுதித்தர ஆளில்லையெனில் அந்தக் கொடையும் கிடையாது. நீதி என்பது எவர் கேட்டாலும் ஒரே அளவில் கிடைப்பது. கருணையோ கேட்பவரின் முகத்தைப் பார்க்கும். சாதியின் பெயராலும் கூலியின் பெயராலும் கருணையை உண்டு வளர்ந்த சமூகத்திற்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. 1971இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை முதலில் அணுகுவதாய் இருக்கிறார். அங்கே இணக்கம் ஏற்படாவிடின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் உண்டு. 20,000 வெள்ளி வரையுள்ள வழக்குகளை அம்மன்றம் கேட்கும். இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வரை. வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. கடைக்காரரும் நிறுவனத்தின் ஆளும் ஒரே மேசையின் இருபுறம் தாமே பேசவேண்டும். ஈராண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சக்கரங்களைப் படம் எடுத்து வைக்கவும், பணிமனைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்து வைக்கவும் சொல்லியிருக்கிறேன்.