பத்மநாபனின் பொருளுக்கு விலை

கேரளத்தில் நிலத்தின் நியாய மதிப்பை முத்திரைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி அரசு நிர்ணயிக்கிறது. விற்றுவாங்கும் நிலத்துக்கு அது சரி, சாமியின் சொத்துக்கு? 1750-இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரையே திருப்படித்தானமாக, அதாவது சாமிக்குத் தரும் கொடையாக, தெய்வமான பத்மநாபனுக்கு ஒப்படைத்து, பத்மநாப தாசனாக ஆண்டார். 2011-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பத்மநாபனின் திருவனந்தபுரம் கோயில் நிலவறைகள், 'பி' அறை நீங்கலாக, திறக்கப்பட்டன. பொற்காசும் மாலையுமாக வெளிவந்தவற்றுக்குப் பத்திரிகைகள் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டன. ஊகம்தான். எடையும் மாற்றும் பொன்னின் விலையைச் சொல்லும். காணிக்கைக்கு ஏது சந்தை? சட்டமோ தெய்வத்தை என்றும் மைனராகவே பார்க்கிறது. மைனரின் சொத்துக்கு விலை தேவையில்லை, களவு போகாதிருக்கப் பட்டியல் தேவை. உச்ச நீதிமன்றத்தின் 2020 ஜூலை 13 தீர்ப்பு, திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் சேவாயத் உரிமையை, அதாவது தெய்வத்தின் சொத்தைப் பேணி நிர்வகிக்கும் உரிமையை, ஏற்றது. 'பி' அறையைத் திறப்பதா என்பதைக் கோயிலுக்கான குழுக்களின் முடிவுக்கு விட்டது.