நள்ளிரவில் மணி ஒலித்தால்...

தந்தி என்றாலே முன்பு நம் வீடுகளில் குலை நடுங்கும். பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நின்றுபோனது. அந்த நடுக்கம் மட்டும் நின்றபாடில்லை.

காயல்பட்டினமாகட்டும், கீழக்கரையாகட்டும், பிள்ளைகள் சபரில் இருக்கும் வீடுகளில் நடுநிசியில் போன் ஒலித்தால் உம்மாவின் கை பதறுகிறது. மறுமுனையில் மகனோ, "சும்மாதான் உம்மா, சாப்பிட்டீங்களா?" என்கிறான். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. வேலை முடித்து இரவு 10 மணிக்கு அவன் பேசினால் இங்கே 12.30.

இப்படிப் பதறுவது ஈமானின் குறைவா? தவக்குல் உள்ளவருக்குக் கவலை வரலாமா? சிலர் இவ்வாறு கேட்கின்றனர். யஃகூப் (அலை) அவர்கள் நபி. யூஸுஃபை நினைத்து அழுதழுது அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. வளர்ந்த மக்களை மிஸ்ருக்கு அனுப்பியபோது, அனைவரும் ஒரே வாசலில் நுழைய வேண்டாம் என எச்சரித்தார்கள். பின்னர் அல்லாஹ்விடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள். கவலைப்பட்டார்கள், ஆனால் நம்பிக்கை இழக்கவில்லை. எனவே கவலை குற்றமன்று. அதை யாரிடம் முறையிடுகிறோம் என்பதே கேள்வி.

பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. இஷாவுக்குப் பிந்திய நேரத்தை அனுமதி கேட்டு நுழைய வேண்டிய நேரமாக சூரத்துந் நூர் (24:58) குறிப்பிடுகிறது. பருவமடைந்த பிள்ளைகளோ எந்நேரமும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது அடுத்த வசனம். நெடுநாள் பிரிந்திருந்தவர் இரவில் திடீரென்று வீட்டாரிடம் வந்து நிற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இவை போனைப் பற்றிக் கூறப்பட்டவை அல்ல. எனினும் இவற்றிலுள்ள அதபு போனுக்கும் பொருந்தும். பேசும் நேரத்தை முன்னரே பெற்றோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறி அழைத்தால் ஸலாம் சொன்ன கையோடு, "நான் நலம்" என்று சொல்லிவிடுங்கள்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒன்று சொல்வோம். "இந்த நேரத்தில் என்ன போன்?" என்று சீறி விழாதீர்கள். சும்மா பேச வந்தபோது ஏச்சு வாங்கிய பிள்ளை, உண்மையிலேயே இடுக்கண் வரும்போது நம்மிடம் வரத் தயங்கும். வேறு யாரிடமோ போய் நிற்கும். அந்நேரம் ஏன் விழித்திருக்கிறான், யாருடன் இருக்கிறான் என்று துருவவும் வேண்டாம். வீண் சந்தேகத்தையும் துருவித் துருவி ஆராய்வதையும் சூரத்துல் ஹுஜுராத் (49:12) தடுக்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மகன் கலங்குவான் என்று உம்மா தம் நோயை மறைக்கிறார். உம்மா கலங்குவார் என்று மகன் வேலை போனதை மறைக்கிறான். இருவரும் பகலில் "எல்லாம் நலம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், இரவில் வரும் ஒவ்வொரு அழைப்பும் மறைத்ததன் செய்தியோ என்றுதானே நெஞ்சு அடித்துக்கொள்ளும்? பகலில் உள்ளதை உள்ளபடி பேசும் வீட்டில் இந்தப் பயம் பாதியாகக் குறையும்.

போனை வைத்தபின் தூக்கம் வரவில்லையா? ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். பெற்றோரின் துஆவும் பயணியின் துஆவும் மறுக்கப்படாதவை என்பது நாயக வாக்கு. இங்கிருந்து நீங்களும் அங்கிருந்து பிள்ளையும் ஒரே இரவில் கையேந்துங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.