காரப்பொடிக்குள் எத்தனை மீன்?

திருவண்ணாமலையிலிருந்து கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சந்தையில் கருவாட்டுக்காரம்மா ஒரு படி காரப்பொடி அளந்து போட்டால், ஒரே மீன் என்றுதான் வாங்கி வருகிறோம். ராமேசுவரம் பக்கம் அதற்குக் காரல் என்று பெயர். பச்சைக் காரல் கிடைத்தால் அதன் வாயை நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள், குழாய்போல நீளும். கீழே வளைந்து நீண்டால் பல பேரினங்களில் ஏதோ ஒன்று. மேலே நிமிர்ந்தால் செக்யூட்டர் என்ற பேரினம். கோரைப்பல் தட்டுப்பட்டால் காஸா என்ற இன்னொரு பேரினம். வயிற்றுக்குள்ளே, உணவுக்குழலைச் சுற்றி, ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பை ஒன்றும் உண்டு. படிக்கணக்கில் அளக்கிற மீனுக்கு இத்தனை வேலைப்பாடு!

இந்தக் காரல் திரியும் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே, 21 தீவுகள். பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927லேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. 1986 முதல் இத்தீவுகள் தேசியப் பூங்கா.

இப்படிப்பட்ட தீவைச் சுற்றிச் சின்ன மீன்களைக் கணக்கெடுப்பது எப்படி? மணற்கரையில் கரைவலை இழுத்தால் காரல், சூடை, கிழங்கான் எல்லாம் வரும். பவளப்பாறையில் வலை கிழியும், பாறையும் உடையும். அங்கே 50 மீட்டர் நாடாவை விரித்து, அதன் மேலே மெதுவாக நீந்தி, கண்ணில் படுவதைப் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் விரல்நகம் அளவே உள்ள உளுவைகள் பாறை இடுக்கை விட்டு வெளியே வருவதில்லை. கிராம்பு எண்ணெயைச் சாராயத்தில் கரைத்து இடுக்கில் பீய்ச்சினால் மயங்கிவிடும், பொறுக்கிக்கொள்ளலாம். இதைச் செய்யாமல் எடுத்த பட்டியலில் உளுவை குறைவாக இருந்தால், அது கடலின் குறை அல்ல.

நாளும் முக்கியம். ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் வாழும் குட்டி உளுவை ஒன்றின் முழு ஆயுளே 59 நாள். இரண்டு மாதம் கழித்துப் போனால் பார்ப்பது அடுத்த தலைமுறையை.

பிடித்த மீனை உடனே படமெடுத்துவிட வேண்டும், நிறம் நிமிடங்களில் வெளுத்துவிடும். துடுப்பில் ஒரு துணுக்கு மரபணுச் சோதனைக்காகச் சாராயத்தில் போகும், உடல் ஃபார்மலினில். புட்டிக்குள் போடும் காகிதத் துண்டிலும் பென்சில்தான், சாதாரண மை சாராயத்தில் கரைந்துவிடும். ஊர், தேதி, ஆழம், பிடித்த விதம் எழுதுவார்கள். மீனவர் சொன்ன பெயரை, இடமிருந்தால்.