இடம் விடுவதே பயபக்தி

பங்குக் கோயிலில் முன்போலப் பயபக்தி இல்லை என்ற குறை எழும்போதெல்லாம் பழி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்மேல் விழுகிறது. லத்தீன் போய்த் தமிழ் வந்ததும், குருவானவர் மக்களைப் பார்த்து நின்று பூசை வைத்ததும்தான் காரணம் என்கிறார்கள். ஆனால் 1963 டிசம்பர் 4 அன்று வெளியான அச்சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மக்கள் பதிலுரைக்கவும் பாடவும் வேண்டும் என்று சொல்லும் அதே 30-ஆம் பிரிவில், உரிய நேரத்தில் மௌனம் காக்கவும் சொல்கிறது. பாட்டை எடுத்துக்கொண்ட பங்குகள் பல மௌனத்தை விட்டுவிட்டன. நன்மை (நற்கருணை) வாங்கித் திரும்பியவர் முழந்தாளிட்டுக் கண்மூடுவதற்குள் கீபோர்டு தொடங்குகிறது; அது ஓய்ந்தால் அறிவிப்பு வருகிறது. கல்யாணப் பூசையில் வீடியோக்காரர் பீடத்தின் படிவரை ஏறிவிடுகிறார்.

பயபக்தி என்று நான் சொல்வது இடம் விடுவதை. பெரியவர் ஒருவர் வீட்டுக்குள் வந்தால் பேச்சை நிறுத்தி எழுந்து நிற்கிறோம். உடம்பு முதலில் பணிகிறது; மனம் அதன் பின்னால் வருகிறது. இதற்கு லத்தீன் தேவையில்லை. இந்தியத் திருச்சபைக்கு 1969-இல் ரோம் ஒப்புதல் தந்த பன்னிரண்டு வழிபாட்டுத் தழுவல்களில் காலணி கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்பித் தலைதாழ்த்துவது, ஆரத்தி எடுப்பது எல்லாம் உண்டு. நம் மண்ணின் உடல்மொழியிலேயே வணங்கலாம் என்பதற்கு அது சான்று. வேளாங்கண்ணி மணலில் முழங்காலால் நகர்ந்து செல்லும் பக்தருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடவுள் நெஞ்சைத்தானே பார்க்கிறார், சூழலுக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். கேள்வி பழையது, நியாயமானது. கோயிலுக்குள் கிறிஸ்துவைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் அவரைக் கைவிடக் கூடாது என்று புனித யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி பற்றிய மறையுரையில் கண்டித்தார். ஆனால் கோயிலுக்குக் கொடுப்பதை அவர் தடுக்கவில்லை. ஏழையை மறந்த கொடையைத்தான் தடுத்தார். லத்தீன் காலத்தை ஏங்கி நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வடக்கன்குளம் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்திருக்கும்படி கட்டப்பட்டது. மக்களைப் பிரித்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. அங்கே தூபமும் லத்தீனும் இருந்தன. சக மனிதருக்கு விட வேண்டிய இடம் இல்லை. ஏழைகளை நாணச் செய்துகொண்டு ஆண்டவரின் விருந்தை உண்ணாதீர்கள் என்று கொரிந்தியரைப் பவுல் கடிந்ததும் இதற்காகத்தான்.

அப்படியானால் குழந்தை அழக் கூடாதா, திருவிழாவில் மேளம் கூடாதா? தேர்ப்பவனிக்குத் தெரு இருக்கிறது. அங்கே மேளம்தான் அழகு. குழந்தையின் அழுகை யாருடைய இடத்தையும் பிடுங்குவதில்லை. பிடுங்குவது, வெறுமையைக் கண்டு அஞ்சி ஒவ்வொரு நொடியையும் நிரப்பும் நம் பழக்கம். நன்மைக்குப் பின் இரண்டு நிமிடம் மைக்கை அணைத்துவைக்கப் பங்குக்குச் செலவு எதுவும் இல்லை. அந்த அமைதியில் முன்வரிசை என்றும் பின்வரிசை என்றும் கிடையாது.