படத்தில் யார் முகம்?

தொண்டு செய்வோரைப் புகைப்படம் எடுக்கலாமா? ‘வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது’ என்பார் ஒரு சாரார். ‘நல்ல செயலைக் கண்டால்தானே மற்றவர்க்கும் செய்யத் தோன்றும்?’ என்பார் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு சாராரும் தொண்டு செய்பவரை மட்டுமே எண்ணிப் பேசுகிறார்கள். படத்தில் இன்னொருவரும் இருக்கிறார்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் நாடு முடங்கியிருந்தபோது, உணவுப் பொட்டலத்தை ஒரு கை நீட்ட, மற்றொரு கை வாங்கும் படங்கள் எங்கும் பரவின. ராஜஸ்தானில் அவ்வாறு படம் எடுப்பதற்குத் தடையே விதிக்கப்பட்டது. பசித்தவர் அந்தப் படத்தை மறுத்திருக்க முடியுமா? மறுத்தால் சோறு கிடைக்காதோ என்று அஞ்சும் ஒருவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. அவர் சோற்றுக்கு விலையாகத் தம் முகத்தைக் கொடுத்தார். விலை பெற்றுக்கொண்டு கொடுப்பது தானம் ஆகுமா?

அப்படியானால் எல்லாரையும் மறைத்துவிடுவதே அறமா? அதுவும் பொருந்தாது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் வழி வந்த ‘ஆஷா’ பணியாளர்கள் இன்று ஏறத்தாழ 10 லட்சம் பேர். அனைவரும் பெண்கள், தாம் வாழும் பகுதியிலேயே பணி செய்பவர்கள். கருவுற்ற பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் பார்த்துக்கொள்வதும் அவர்களே. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கிப் பாராட்டியது. ஆனால் சொந்த ஊரில் அவர்களை நின்று பார்த்தவர் எத்தனை பேர்? அத்தகைய ஒருவரை, வீட்டுப் பெரியவரை எடுப்பதுபோல் அமரவைத்துப் படம் எடுத்து, ஊர்ப் பொது இடத்தில் மாட்டினால் என்ன? தன் படத்தைத் தானே மாட்டுவது அகந்தை; ஊர் கூடி மாட்டுவது நன்றி.

தொண்டு செய்பவரும் பெறுபவரும் சேர்ந்திருக்கும் படமே கடினமானது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, பின்னர் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரின் கைகளில் வளர்ந்தது. தன்னார்வலர்கள் செவிலியருடன் வீடு தேடிச் சென்று, படுக்கையில் கிடப்பவரின் அருகே அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்கிறார்கள். அத்தகைய வீட்டுக்குள் ஒரு புகைப்படக்காரர் நுழைகிறார் என்று கொள்வோம். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு அவரும் முதலில் அமர வேண்டும். பிறகு அனுமதி கேட்க வேண்டும். வேண்டாம் என்றாலும் செவிலியர் வழக்கம்போல் வருவார் என்பது நோயாளிக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இசைந்தால், தலைவாரி, பிடித்த சட்டையை அணிந்துகொள்ள அவகாசம் தர வேண்டும். புண்ணை விடுத்து முகத்தை எடுக்க வேண்டும். தொண்டரும் அவரும் ஒரே உயரத்தில் அருகருகே இருக்கட்டும்.

இதற்கு எளிய உரைகல் ஒன்று உண்டு. அந்தப் படத்தை நோயாளி தம் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள விரும்புவாரா? தம் பேரக்குழந்தைகளுக்குக் காட்ட விரும்புவாரா? விரும்பினால் அது அவருடைய படம். இல்லையெனில், அது அவரிடமிருந்து நாம் பறித்த ஒன்று.

அடுத்த முறை தொண்டுக்குச் செல்லும்போது கைபேசியை உயர்த்துமுன் இந்தக் கேள்வியை நம் உள்ளத்திடம் கேட்போம். விடை தயங்கினால், கைபேசி பையிலேயே இருக்கட்டும். இரண்டு கைகளும் தொண்டுக்குக் கிடைக்கும்.