பரிசிலாக இரண்டு பசுக்கள்

மைக்கேல் மாஸி ரொபின்சன் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் லண்டன் வணிகர் ஒருவரிடம் பணம் பறிக்கப் பார்த்தார். கையில் எடுத்த ஆயுதம் கவிதை. கொலைப்பழி சுமத்தும் செய்யுளை அச்சிட்டு விடுவேன் என்று மிரட்டினார். 1796இல் மரண தண்டனை கிடைத்தது; அது நாடுகடத்தலாகக் குறைந்து, 1798இல் கைதியாக சிட்னியில் வந்து இறங்கினார். அதே மனிதர் 1810 முதல் ஆண்டுதோறும் தேசாதிபதி மக்குவாரியின் மாளிகையில் அரசரின் பிறந்தநாள் வாழ்த்துப்பா வாசித்தார். 1818இலும் 1819இலும் அரசவைக் கவிஞர் பணிக்கென்று அரசாங்க மந்தையிலிருந்து அவருக்குப் பசுக்கள் கொடுத்தார்கள், இரண்டிரண்டாக.

யானையும் பொற்றாமரையும் பெற்ற புலவர்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது சிரிப்புத்தான். பாடிப் பெறுவது பழைய வழக்கம். பெற்றவர் கைதி என்பதுதான் புதிது.

*

அதே 1819இல் நீதிபதி பாரன் ஃபீல்ட் சிட்னியில் ஒரு சிறு நூல் அச்சிட்டார். அவுஸ்திரேலியாவில் அச்சான முதல் கவிதை நூல் அதுவே. இரண்டே கவிதைகள்: ஒன்று அந்த மண்ணின் பூக்களைப் பற்றி, மற்றது கங்காருவைப் பற்றி. இலையுதிராத மரங்களில் கவிதை இல்லை என்று பின்னாளில் உரைநடையிலும் குறைப்பட்டுக்கொண்டார். இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் தாழை நிற்கிறது, ஆண்டு முழுக்கப் பச்சையாக. நெய்தல் பாடியவர்கள் இலையுதிர்காலத்துக்காகக் காத்திருக்கவில்லை.

ஆனாலும் ஃபீல்டை வெறுக்க முடியவில்லை. அறியாத விலங்கின் முன்னால் நின்று, அணிலா மானா என்று தடுமாறுகிற அந்த இடத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

*

நம் பக்கம் 1869. ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சில் வருகிறது, ஆங்கில மொழிபெயர்ப்போடு. மலையகத்தின் முதல் அச்சு இலக்கியம் என்று ஆய்வாளர் இதைச் சொல்வார்கள். கோப்பிப் பயிர்ச்செய்கையை விளக்குகிறது; துரைமாரைப் புகழ்கிறது; தொழிலாளிக்குப் புத்தி சொல்கிறது. பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் வடிவத்துக்குள் தோட்ட முதலாளியின் குரல் குடியேறியிருக்கிறது. அந்த நூலில் என்னை உறுத்துவது இதுதான். ஆங்கிலம் பக்கத்திலேயே இருப்பதால், யார் படிக்க வேண்டுமென்று எழுதப்பட்டது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

அதே 1869இல்தான் இலங்கையின் கோப்பி இலைகளில் துரு நோய் இனங்காணப்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. கும்மி போற்றிய பயிர் அழிந்தது. நிரை பிடித்தவர்களின் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு அதே மலையில் நின்றார்கள்.

*

அவுஸ்திரேலியாவின் கைதிகளுக்கும் பாட்டு இருந்தது. பிரான்சிஸ் மக்நமாரா என்ற ஐரிஷ் கைதி 1839இல் ஒரு கைதியின் நரகப் பயணத்தைப் பாடினான். அதிகாரிகளெல்லாம் நெருப்பில் வேகிறார்கள். கைதி சொர்க்கத்துக்குப் போகிறான். அவனுடைய பாட்டு வாய்வழியாகவும் கையெழுத்துப் படியாகவும் உலவியது. அவனுக்கு யாரும் பசு கொடுக்கவில்லை.

*

எலைசா டன்லொப்பிடம்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். அயர்லாந்துக்காரி, 1838 தொடக்கத்தில் சிட்னிக்கு வந்தவர். அந்த ஆண்டு யூன் 10ஆம் திகதி மயல் கிரீக்கில் குறைந்தது 28 ஆதிக்குடி மக்களைக் குடியேறிகள் வெட்டிக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். தப்பிய ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாடுவதாக டன்லொப் எழுதிய கவிதை டிசெம்பர் 13இல் பத்திரிகையில் வந்தது. ஐந்து நாள் கழித்துக் கொலையாளிகள் ஏழு பேர் தூக்கிலிடப்பட்டனர். தூக்கை எதிர்த்துக் கூச்சல் மிகுந்திருந்த வாரம் அது.

அந்தத் தாயின் குரல் ஆங்கிலத் தாலாட்டின் சந்தத்தில்தான் வருகிறது. அவளே பாடியிருந்தால் அப்படி இருந்திராது. டன்லொப்புக்கே இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பின்னர் வொலொம்பியில், கணவர் நீதவானாக இருந்த ஊரில், ஆதிக்குடிகளின் பாடல்களை அவர்களுடைய சொற்களிலேயே கேட்டு எழுதி வைத்தார். குடியேற்றக் காலத்து அவுஸ்திரேலியக் கவிதையில் எனக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால், அந்தக் குறிப்புகளைத்தான் கேட்பேன்.

*

மலையகத்தில் அந்த வேலையைச் செய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினர். மறு ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. ஆங்கிலத்தில் கவிதை எழுதத் தெரிந்த அந்த மனிதர், தோட்டத்துப் பாட்டுகளைத் தமிழில் சேர்த்து வைத்தார். கும்மி நூலில் இல்லாத கண்ணீரும் கேலியும் அங்கே இருக்கின்றன. கங்காணி திட்டு வாங்குவதும் அங்கேதான்.

*

வெள்ளவத்தையில் பிள்ளைகள் மெல்பேர்னில் இருக்கும் வீடுகள் அநேகம். அந்த அடுக்குமாடிகளின் சமையலறையில் நிற்பவர் பெரும்பாலும் மலையகத்தின் ஹற்றன், பொகவந்தலாவைப் பக்கத்துப் பெண். கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய பாட்டிமார் பாடியதில் எழுதப்படாதது இன்னும் நிறைய இருக்கும். கேளுங்கள். சொல்ல விருப்பமென்றால் அவர்கள் சொல்கிறபடியே, திருத்தாமல் எழுதுங்கள். மேலே அவர்களுடைய பெயரைப் போடுங்கள், உங்களுடையதை அல்ல.